அலை உடையாத இடம்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்லியனுப்பும் முதல் புத்திமதி, முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்பதுதான். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். மொழி தெரியாத நாடொன்றின் கடற்கரையில் ஒரு பிற்பகலைக் கழித்த பிறகு, அதில் பாதிதான் சரி என்று படுகிறது.

அன்று அலை பலமாக இருந்தது. இரண்டு பக்கமும் வெண்ணுரை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றே கறுத்து, அடங்கிக் கிடந்தது. சுமாராக நீந்தத் தெரிந்த எவருக்கும் இறங்கத் தோன்றும் இடம். நானும் அங்கேதான் இறங்கினேன். முழங்கால் நனைவதற்குள், கரையில் குடும்பத்தோடு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் விரைந்து வந்து, என் மணிக்கட்டைப் பற்றி வெளியே இழுத்தார். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் ஈர மணலில் குந்தி, கரையை நோக்கி இரண்டு கோடுகளை வரைந்து, அவற்றின் நடுவே கடலை நோக்கி ஒரு கோட்டை அழுத்தி இழுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் நீர், மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் வழியாகவே கடலுக்குத் திரும்பிப் பாய்கிறது. பள்ளம் ஆழமானது என்பதால் அங்கே அலை உடைவதில்லை, புதிதாக வந்தவனுக்கு அதுவே பாதுகாப்பான இடமாகத் தெரிகிறது. வேகம் கூடினால் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும் அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரையேறத் தேர்ந்த நீச்சல் வீரரே திணறுவார். அகப்பட்டுக்கொண்டால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும் என்பதையும் அவர் கையாலேயே காட்டினார்.

அதன்பின் அவர்கள் விரிப்பில் எனக்கும் இடம் கிடைத்தது. பிற்பகலில் தரை கடலைவிடச் சூடேறிக் காற்று கடலிலிருந்து வீசத் தொடங்க, விரிப்பின் ஒரு மூலை பறக்காமல் அமர்ந்திருப்பது என் பொறுப்பாயிற்று. என் உச்சரிப்பைக் கேட்டு அவருடைய பேத்தி சிரித்த சிரிப்பில் எனக்கிருந்த கூச்சமும் போய்விட்டது.

நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிகாகோ ரயில் பயணிகள் அந்நியரோடு பேசினால் பயணம் கசக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பேசியவர்களுக்கோ பயணம் இனிமையாகவே அமைந்தது. பேச்சு அதிகமில்லாத எங்கள் பிற்பகலை அந்த ஆய்வில் எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் நட்பாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் அல்லர் என்பதில் எனக்கு ஐயமில்லை: தனியாக வேறெங்கோ வரச் சொல்கிறவர் ஒரு ரகம், இருக்கும் இடத்தின் ஆபத்தைச் சொல்கிறவர் வேறு ரகம். நம் புத்திமதி இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

அடுத்த மாதம் என் மகள் வெளிநாடு போகிறாள். நேற்றிரவு மேசையில் சிந்திய தண்ணீரில் விரலைத் தோய்த்து, அவளுக்கு அந்த மூன்று கோடுகளையும் வரைந்து காட்டினேன்.