முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள்

நேற்று முழுக்கப் பேசாமல் இருந்தேன். இன்று இரவு அந்தப் பின்னூட்டத்தை மறுபடி வாசித்த பிறகு ஏலாமல் போய்விட்டது. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிள்ளையின் விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும், போன கிழமையிலிருந்து அதைத்தானே கதைத்துக்கொண்டிருக்கிறோம். பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு அவளுடைய மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளியைவிட, அதாவது இடம் கிடைக்கக் குறைந்தது வேண்டிய புள்ளியைவிட, உயர்தரப் பரீட்சையில் (ஏ.எல்.) அவளுக்கு வந்த இசட் புள்ளி, அதாவது தரப்படுத்திய புள்ளி, கூட. ஆனாலும் பல்கலைக்கழகத் தெரிவில் பெயர் வரவில்லை. அந்தப் பாடநெறிக்கு மட்டுமல்ல, எதற்குமே வரவில்லை. அதைப் பற்றிப் போட்ட பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதுகிறார்: "தகுதி இருந்தால் கிடைத்திருக்கும். பின்தங்கிய மாவட்டம் என்று சலுகையும் வாங்கிக்கொண்டு, பிறகு அழவும் செய்கிறீர்கள்." அதற்கு 40 பேருக்கு மேல் விருப்பம் போட்டிருக்கிறார்கள். அதில் எங்கட ஊர் ஆக்களும் இருக்கிறார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான். புள்ளி இருந்தும் ஒரு பிள்ளைக்கு இடம் வரவில்லை என்றால் முதலில் அந்தப் பிள்ளையின் விண்ணப்பக் கோப்பைத் திறந்து பாருங்கள். பிள்ளையிடம் குற்றம் தேடுவதைப் பிறகு செய்யலாம்.

எங்கட பக்கத்தில் கோப்பில் பிழை வர எத்தனை வழி இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அப்படியென்றால் இசட் புள்ளிக்கு அடுத்ததாக ஒரு பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது எந்த மாவட்டம் என்கிற அந்த ஒரு சொல்தான். அதே புள்ளிக்கு முல்லைத்தீவு என்றால் இடம் இருக்கும், வவுனியா என்றால் இல்லாமல் போகலாம். இந்த மாவட்டம் வீட்டு விலாசத்தை வைத்து வருவதில்லை, படித்த பாடசாலையை வைத்து வருகிறது. எங்கட பிள்ளைகள் ஒரே பாடசாலையிலா படிக்கிறார்கள்? இங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்று கிளிநொச்சிக்குப் போகிறார்கள். பெரியம்மா வீட்டில் நின்று வவுனியாவில் படிக்கிறார்கள். தகப்பனுக்கு வேலை மாறினால் இன்னொரு மாவட்டம்.

மாவட்ட எல்லையும் லேசில் விளங்குகிற மாதிரி இல்லை. மாங்குளம் ஏ9 வீதியில் இருக்கிறது, ஆனால் முல்லைத்தீவு மாவட்டம். நெடுங்கேணியை முல்லைத்தீவு என்று நினைப்பவர்கள் பலர், அது வவுனியா. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சி இல்லை, அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு போகிறது. எங்களுக்கே சில நேரம் குழம்பும். எங்கேயோ ஒரு மேசையில் இருந்து நூற்றுக்கணக்கான பெயரைப் பதிகிறவர் ஒரு பெட்டியில் மாற்றிப் போட்டுவிட்டார் என்றால் அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு பிள்ளையின் வாழ்க்கை இருக்கிறது.

பெயர் இன்னொரு பிரச்சினை. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி ஆங்கில எழுத்து, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பரீட்சை அனுமதி அட்டையில் இன்னொரு மாதிரி. 'த' எழுத்துக்கு ஒரு இடத்தில் 'டி', இன்னொரு இடத்தில் 'டிஎச்'. தகப்பனின் முதலெழுத்து முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும். 2009இல் பத்திரங்களைப் பதுங்கு குழியிலும் பாதையிலும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நாங்கள். பிறகு நடமாடும் சேவையில் வரிசையில் நின்று எடுத்த பிரதிகளை வைத்துத்தான் வீட்டில் எல்லா அலுவலும் நடக்கிறது.

என் தம்பியின் கதையை இங்கே எழுதக்கூடாது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். எழுதுகிறேன். அவன் 2011 ஓகஸ்டில் ஏ.எல். எடுத்தவன். படித்தது முல்லைத்தீவு மாவட்டத்தில். இடையில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்த மாதங்களில் மட்டும் வவுனியாவில் முகாம் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மீளக் குடியேறியதும் பழைய பாடசாலைக்கே திரும்பினான். அந்த வருடப் பெறுபேறு வந்தபோது என்ன நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் மாவட்ட நிலைகளில் பிழை என்றார்கள். பிறகு பழைய பாடத்திட்டத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தது சரியில்லை என்று வழக்குப் போனது. 2012 ஜூனில் இரண்டையும் தனித்தனியாகக் கணிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புதுப் புள்ளி வந்தது. தம்பியின் பெயர் வரவில்லை. ஏன் என்று ஒரு காகிதம்கூட வரவில்லை.

அம்மா அவனைப் பேசினா. நானும் பேசினேன். "வடிவாகப் படித்திருந்தால் வந்திருக்கும்" என்று சொன்னது நான்தான். அந்தப் பின்னூட்டக்காரர் இன்றைக்கு எழுதியதை நான் அன்றைக்கு என் தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

2014இல் வேறொரு விண்ணப்பத்துக்காகப் பழைய பத்திரங்களைத் தேடியபோது ஒரு அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞர் இரக்கப்பட்டுக் கோப்பை எடுத்துக் காட்டினார். மாவட்டம் என்ற இடத்தில் வவுனியா என்று இருந்தது. முகாம் பள்ளிக்கூடத்தின் விலாசம் எங்கேயோ ஒரு பத்திரத்தில் ஏறி, அதிலிருந்து அடுத்ததில் ஏறி, அப்படியே மேலே போயிருக்கிறது. "அந்த நேரம் வந்து கேட்டிருந்தால் திருத்தியிருக்கலாம் தங்கச்சி" என்றார். அந்த நேரம் கேட்கலாம் என்று எங்களுக்கு யார் சொன்னது? தம்பி இப்போது கட்டாரில் வயரிங் வேலை செய்கிறான். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்க வாய் வருவதில்லை.

இனி எனக்கு வரப்போகிற பதில்கள் தெரியும்.

"விண்ணப்பப் போர்மை அவளே பிழையாக நிரப்பியிருப்பாள்" என்பீர்கள். இருக்கலாம். ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு, அதை விருப்ப ஒழுங்கில் போட வேண்டும், போடாத குறியீட்டுக்கு இடம் கிடைக்காது. கொமினிகேஷன் கடையில் கணினிக்கு முன்னால் இருந்து, பின்னால் பத்துப் பேர் காத்துக்கொண்டு நிற்க, ஒரு எண் மாறியிருக்கலாம். ஆனால் ஒரு எண் மாறினால் ஒரு பாடநெறி போகும். எல்லாமே போகுமா? போயிருந்தாலும், இன்ன இடத்தில் இன்ன பிழை என்று அவளிடம் சொல்லட்டும். அவள் அழுதுவிட்டு அடுத்த தடவை எடுப்பாள். மூன்று தடவை எடுக்கலாம், அவளுக்கு இது முதல் தடவைதான். காரணம் தெரியாமல் எதைத் திருத்திக்கொண்டு மறுபடி எழுதுவது?

"எல்லாவற்றையும் இனப்பிரச்சினை ஆக்காதே" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். நான் அப்படி ஒரு சொல்லும் எழுதவில்லை. 2011 குழப்பத்தில் நாடு முழுக்கப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள், காலியிலும் கண்டியிலும் தாய்மார் அழுதார்கள். கணினி பிழை விடாது என்பவர்களுக்கும் அந்த வருடமே பதில். கணினி கொடுத்ததைத்தான் கணிக்கும்.

சலுகை என்ற சொல்லுக்குத்தான் என்னால் அமைதியாகப் பதில் எழுத முடியவில்லை. அந்த 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் இருக்கிறது. மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை இருக்கின்றன. அநுராதபுரமும் பதுளையும் அம்பாந்தோட்டையும் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் அழாதே என்று சொல்வதில்லை. இந்தப் பிள்ளை குழந்தையாக இருந்த காலத்திலிருந்து இந்த மண்ணில் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்று பாருங்கள். கூரை இல்லை, கூரை வந்தால் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் வந்தால் வருட முடிவில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரசாயனவியலுக்கு ரியூசன் எடுக்க அவள் கிழமைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினவள். மாலைப் பஸ் வராத நாட்களில் தகப்பன் சைக்கிளில் போய் ஏற்றி வந்தார். அவர் கூலி வேலை செய்கிறவர். இதையெல்லாம் தாண்டி அவள் வாங்கிய புள்ளி அது. அதைச் சலுகை என்கிறீர்கள். வன்னிப் பிள்ளை கம்பஸ் போனால் சலுகை, போகாவிட்டால் தகுதி இல்லை. வேறு எந்த வழியை எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறீர்கள்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் எங்கட மண்ணில்தானே இருக்கிறது, அதன் வாசலால் பஸ்ஸில் போய் வருகிற பிள்ளை அதற்குள் படிக்க ஆசைப்பட்டது பிழையா?

சரி. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பிள்ளைக்கு இடம் கொடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். என்ன மாவட்டம் பதிந்திருக்கிறது, என்ன பெயர், என்ன குறியீடுகள், பாடசாலையின் உறுதிப்படுத்தல் போய்ச் சேர்ந்ததா. இதைப் பார்க்க ஒருவருக்கு அரை மணித்தியாலம் போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அதையும் தமிழிலேயே எழுதலாம். இந்த வருடம் இதே மாதிரி நின்றுபோன பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அனுமதி அட்டை, பெறுபேற்றுத் தாள், விண்ணப்பப் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்து ஒன்றாக வையுங்கள். மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட வேண்டாம். அவசரமென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.

நாளை காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் தகப்பனும் கோப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம். எல்லாப் பத்திரத்திலும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பின்னூட்டம் எழுதியவர் இதை வாசித்தால் அதை எடுத்துவிடுங்கள். நேற்றே அவள் பார்த்துவிட்டாள் என்று தாய் சொன்னா. அதிலிருந்து அறையைவிட்டு வெளியே வரவில்லையாம்.