பட்டனை அமுக்கிவிட்டு ஓடவா வந்தீர்கள்?

தொட்டுப் பார்க்கும் அறிவியல் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். கூட வருகிற பெரியவர்களைத்தான் முடியவில்லை சாமி.

சுழல் மேடையில் ஒரு சிறுமி கைகளை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். கைகளை மார்போடு சேர்த்ததும் வேகம் குபீரென்று ஏறியது. வாயைப் பிளந்தாள். மறுபடி விரித்துப் பார்க்கப் போனாள். கோண உந்தம் என்ற பெயர் தெரியாமலேயே அது பிடிபடுகிற நொடி அதுதான். "போட்டோ எடுத்தாச்சு, இறங்கு!" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்படி என்ன அவசரம்?

அடுத்து எதிரெதிரே நிற்கும், கிண்ணம்போல் உட்குழிந்த இரண்டு பரவளையத் தட்டுகள். ஒன்றின் குவியத்தில், அதாவது ஒலி வந்து குவியும் புள்ளியில், கிசுகிசுத்தால், தூரத்தில் இருக்கும் மற்றதன் குவியத்தில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். அதில் போய் ஒருவர் "ஹலோ, கேக்குதா?" என்று கத்துகிறார். கேட்டது ஐயா, கூடம் முழுக்கக் கேட்டது.

உச்சம் ஃபூக்கோ ஊசலில். பூமி சுழல்வதால் அது ஆடும் திசை மெல்லத் திரும்பி, சுற்றிலும் நிறுத்திய குச்சிகளை ஒவ்வொன்றாகச் சாய்க்கும். குண்டு அடுத்த குச்சியை எப்போது சாய்க்கும் என்று என் மகன் தரையில் உட்கார்ந்து காத்திருந்தான். சும்மா உட்காரவே மாட்டாத பையன்! அப்போது ஒருவர் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி, குண்டையே தள்ளிவிட்டார். வீடியோவில் குச்சி விழ வேண்டுமாம். 1851-ல் பாரிஸில் இதைச் செய்துகாட்டிய இயற்பியலாளர் ஃபூக்கோ, குண்டைக் கையால்கூட விடவில்லை. நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்துத்தான் விடுவித்தார். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் ஊசல் நேர்கோட்டை விட்டு நீள்வட்டமாக ஆடத் தொடங்கிவிடும், அப்புறம் பூமி சுழல்வதை அதில் எங்கே பார்ப்பது? அதைத்தான் இவர் ஒரே தள்ளில் முடித்துவைத்தார். "ஏன் அங்கிள் தள்ளினீங்க?" என்று மகன் கேட்டதற்கு, "ரொம்ப மெதுவா போகுதுப்பா" என்று பதில் வேறு.

1969-ல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற இதே மாதிரி அருங்காட்சியகத்தைத் தொடங்கியதே, பார்க்க வருபவர் தானே இயக்கி, தானே கண்டுபிடிக்கட்டும் என்றுதான். தானே இயக்குவது என்றால் கிடைத்த பட்டனையெல்லாம் குத்துவது என்று நம் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள் போல. 'பழுது' அட்டை மாட்டாத மேசையைத் தேட வேண்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாத நிர்வாகத்தைத் திட்டத் தனிப் பதிவு வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

காவலாளியிடம் ஊசலைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனோம். அதே மனிதர், உள்ளே மின்னல்போல ஒளி ஓடும் பிளாஸ்மா கண்ணாடி உருண்டையை மோதிரத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.