பதக்கத்துக்கும் சாட்சி, வலிக்கும் சாட்சி

அமெரிக்கச் சிறப்புப் படை வீரர் ராய் பெனவிடெஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமில் அவர் போரிட்ட அந்த ஆறு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள்தான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன.

டெக்சாஸில் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பள்ளியைப் பாதியில் விட்டுப் பண்ணை வேலைக்குப் போனவர் அவர். 1965இல் தென் வியட்நாமில் கண்ணிவெடியில் கால் வைத்ததில் முதுகெலும்பு பாதிக்கப்பட, இனி நடக்கவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். இரவில் யாரும் பார்க்காத நேரத்தில் கட்டிலிலிருந்து இறங்கி, முழங்கையையும் முகவாயையும் ஊன்றிச் சுவர்வரை ஊர்ந்து, அதில் முதுகைச் சாய்த்து எழுந்து நிற்கப் பழகினார். 1966 ஜூலையில் மருத்துவமனையிலிருந்து நடந்தே வெளியேறியவர், மீண்டும் வியட்நாமுக்கே போனார் என்பது எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடாத விஷயம்.

1968 மே 2 அன்று லோக் நின் அருகே பன்னிரண்டு பேர் கொண்ட உளவுக் குழு எதிரிகளிடம் சிக்கியபோது, ஒரு கத்தியும் மருந்துப் பையுமாக ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, குறைந்தது எட்டுப் பேரின் உயிரைக் காத்தார். உடலில் 37 காயங்கள். இறந்துவிட்டதாக எண்ணிப் பிணப்பையில் வைத்து மூடப்போன மருத்துவரின் முகத்தில் எச்சிலை உமிழ்ந்துதான், தான் உயிரோடு இருப்பதை அவரால் தெரிவிக்க முடிந்தது.

இவ்வளவுக்கும் முதலில் கிடைத்தது இரண்டாம் நிலை விருதுதான். மிக உயரிய மெடல் ஆஃப் ஆனரைத் தர நேரில் கண்ட சாட்சி வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவில் இறந்துபோனதாக அவர் நினைத்திருந்த பிரையன் ஓ'கானர், ஃபிஜித் தீவில் உயிரோடு இருப்பது 1980இல் தெரியவந்தது. அவருடைய வாக்குமூலத்துக்குப் பிறகே 1981 பிப்ரவரி 24 அன்று அதிபர் ரேகன் அந்தப் பதக்கத்தை அணிவித்தார். விதி விதிதான், அதை நான் குறை சொல்லவில்லை. சாட்சி கேட்காமல் வீரப் பதக்கம் கொடுத்தால் அதற்கு மதிப்பிருக்காது.

ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்ததை எந்த விதியாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 1976இல் ஓய்வுபெற்றது முதல் அவர் பெற்றுவந்த உடல் இயலாமை உதவித்தொகையை நிறுத்தப்போவதாக, அதே ரேகன் ஆட்சியில், சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1983இல் தெரிவித்தது. இதயத்தில் இரண்டு வெடிச்சிதறல்களும் துளைபட்ட நுரையீரலுமாகத் தீராத வலியோடு வாழ்ந்த மனிதரை, உழைக்கத் தகுதியுள்ளவர் என்று ஒரு கோப்பு முடிவு செய்கிறது! பதக்கப் படிவத்தில் பதிவான அதே காயங்கள் உதவித்தொகைக் கோப்பில் எப்படிக் காணாமல் போயின?

நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாட்சியம் அளித்தபோது, தனக்கே இப்படி என்றால் மற்றவர்களின் கதி என்ன என்றுதான் அவர் கேட்டார். சொந்த லாபத்துக்குப் பதக்கத்தைப் பயன்படுத்த விரும்பாதவர், அதை மற்றவர்களுக்காகவே வெளியே எடுத்தார். என் பார்வையில் அவர் ராணுவ வாழ்வின் தொடர்ச்சி இதுதான். 1968இலும் அவர் இறங்கியது பிறரை மீட்கத்தான்.

பின்னாளில் பள்ளி பள்ளியாகப் போய், படிப்பைப் பாதியில் விடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் பேசிவந்தார். 1998 நவம்பர் 29 அன்று காலமானார். பிறகு அவர் பெயரை ஒரு கடற்படைக் கப்பலுக்குச் சூட்டினார்கள். அதற்குச் சாட்சி எதையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.