அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமையிலிருந்து சுற்றுகிற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காரைக்குடியில் பத்தாம் வகுப்புத் தேர்வு மைய வாசல், பையன்களுக்கு நடுவே ஹால் டிக்கெட்டோடு நிற்கிற அக்கா. கீழே "பேரன் எடுக்குற வயசுல பரீட்சை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள், எனக்குத் தெரிந்தவர்கள் போட்டவை.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. அவர் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிற ஒன்பது பேரில் ஒருவர். அந்த வரிசையில் அவர் நின்றதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

அவர் பலகாரம் போட்டுப் பிழைக்கிறவர். கல்யாண சீசனில் விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டு, கையில் எண்ணெய் வாசத்தோடு வந்து உட்காருவார். விகிதம் என்று ஆரம்பித்ததும் பேனாவை மூடிவிட்டார். "இது எனக்கு ஏறாது தங்கச்சி." தேன்குழலுக்கு எப்படிக்கா போடுவீங்க என்றேன். "நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து." பதினோரு படி அரிசி என்றால்? யோசிக்கவே இல்லை. "ரெண்டே முக்கால்." அதைத்தான் நோட்டில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

"35 மார்க் எடுத்தா பாஸ், இதுல என்ன பெரிய விஷயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்காவைப் போலப் பள்ளியில் படிக்காமல் நேரடியாக எழுதும் தனித்தேர்வர் ஐந்து பாடமும் எழுத வேண்டும். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75-க்கு 20, செய்முறைக்கு 25-க்கு 15 தனித்தனியாக எடுத்தாக வேண்டும். அந்தச் செய்முறைக்கு முதலிலேயே பெயர் பதிந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். அக்கா போனார். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளையாவதையும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்புவதையும் அன்று சாயங்காலம் எங்களுக்குச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் அதைப் பார்த்ததில்லை.

"சான்றிதழை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?" இது நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். வகுப்புக்கு வரும் ஒரு தம்பியின் பாஸ்போர்ட்டில் பத்தாவது இல்லாததால் இ.சி.ஆர்., அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை, என்று இருக்கிறது. மலேசியாவுக்கோ சவுதிக்கோ வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க அலைய வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், இது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அக்காவுக்கு இதெல்லாம் வேண்டாம். படிக்க ஆசை. அந்த ஆசைக்கு நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்?

"விளையாட்டுக்குப் போட்டது, இதைப் போய்ப் பெரிசு பண்றீங்க" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் அம்மா படத்தை அப்படிப் போடுவீர்களா?

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 1986-ல் பத்தாவது எழுதினார். அப்போது ரிசல்ட் பேப்பரில்தான் வரும். தாத்தா மூன்று தடவை விரலை வைத்துத் தேடியும் அம்மாவின் நம்பர் இல்லை. கணக்கில் 31. மறுபடி எழுதுகிறேன் என்றதற்கு மாமா, "ஊரு சிரிக்கும், பேசாம இரு" என்றாராம். அவ்வளவுதான். அந்தக் கணக்குப் புத்தகம் இன்னமும் பரணில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. எங்களுக்கு வீட்டுக்கணக்கு சொல்லிக்கொடுத்ததெல்லாம் அம்மாதான். நான் எம்.எஸ்ஸி. முடித்த அன்றும் "எனக்கு நாலு மார்க்குடி" என்றார்.

ஊர் சிரிக்கும் என்பது வெறும் பேச்சு என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். நிஜமாகவே சிரிக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகினார்கள். அன்றைக்கும் தெருவில் நின்று கேலி பேசியவர்கள் உண்டு. இன்று போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படித்தவர்கள்தான், அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் பேர் வாங்கத்தான் இந்த வகுப்பை நடத்துகிறேன் என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நேற்று அக்கா வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மாவு சலித்துக்கொண்டிருந்தார். படத்தை மகன் காட்டிவிட்டானாம். "தமிழும் இங்கிலீசும் எழுதியாச்சுல்ல, போதும் தங்கச்சி" என்றார், நிமிராமல். கணக்குப் பரீட்சை வெள்ளிக்கிழமை. அதற்குள் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். போட்டவர் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. இன்றைக்கும் ஏழு மணிக்கு முகப்பில் விளக்கைப் போட்டு, அவர் உட்காரும் தூணோரத்தில் பாயை விரித்து வைப்பேன்.