ஓட்டுப் போட வராதவருக்கு அபராதமா? என் வாதம் இது

"ஓட்டுப் போடாதவனுக்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல உரிமை இல்லை" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது பதிவு போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடித்ததே இல்லை. வரி கட்டுகிறவன், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவன் குறை சொல்லத்தான் செய்வான். ஆனாலும் ஓட்டைக் கட்டாயமாக்கலாம் என்பதுதான் என் வாதமும். காரணம் மட்டும் வேறு.

பாதிப் பேர் வராத தேர்தலில் ஜெயிக்க இரண்டு வழி உண்டு. தன் ஆட்களைக் கிளப்பி அழைத்து வருவது ஒன்று. எதிராளியின் ஆட்களை வெறுத்துப்போக வைத்து வீட்டிலேயே உட்கார வைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு அதிகம் மெனக்கெடவே வேண்டாம், "எவன் வந்தாலும் இதுதான்" என்கிற சலிப்பைப் பரப்பிவிட்டால் போதும், அது தானாக வேலை செய்யும். எல்லோரும் எப்படியும் வந்துவிடுவார்கள் என்றால் இந்தக் கதவு அடைபடும். அதோடு பல நாடுகளில் வராதவர்கள் யார் என்று பார்த்தால் இளைஞர்கள், ஏழைகள், வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள். ஓட்டு விழாத பக்கம் எந்த வேட்பாளர் எட்டிப் பார்ப்பார்?

ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வந்தவர்கள் 60 சதவீதம்கூட இல்லை. 1924-இல், பெரிய விவாதமே இல்லாமல், ஓட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. இத்தனைக்கும் கூட்டாட்சித் தேர்தலில் அபராதம் இன்றைக்கும் வெறும் 20 டாலர்தான், நியாயமான காரணம் சொன்னால் அதுவும் இல்லை. ஆக, அபராதத்துக்குப் பயந்து மட்டும் வருகிறார்கள் என்று நான் நம்பவில்லை. போய்த்தான் ஆகவேண்டும் என்று பழகிவிட்டது.

இதனால் ஒரு தரப்புக்குத்தான் லாபம் என்று சந்தேகப்படுகிறவர்கள் சிலியைப் பார்க்கலாம். அங்கே 2012-இல் கட்டாயத்தை எடுத்தார்கள், அடுத்த அதிபர் தேர்தலிலேயே பாதிப் பேர்கூட வரவில்லை. புதிய அரசியல் சாசனம் வேண்டுமா என்று 2020-இல் கேட்டபோது வந்தவர்கள் பாதிதான், அவர்களில் 78 சதவீதம் 'வேண்டும்' என்றார்கள். 2022-இல் அந்தச் சாசனத்தின் வரைவைக் கட்டாய ஓட்டுக்கு விட்டபோது 85 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள், 62 சதவீதம் 'வேண்டாம்' என்றுவிட்டார்கள். கேள்வியும் வேறு, காலமும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வருகிற கூட்டம் யார் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே யாராலும் கணக்குப் போட முடியாது.

சரி, "எனக்கு யாரையும் பிடிக்கவில்லை, எதற்கு வரணும்?" என்கிறவரை என்ன செய்வது? எனக்கு உண்மையிலேயே உறுத்துகிற கேள்வி இது ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் ஜட் என்ற சோசலிஸ்ட் இதையே நீதிமன்றத்தில் சொன்னார். நிற்கிறவர்கள் எல்லோருமே முதலாளித்துவத்தின் ஆட்கள், என் கொள்கைப்படி யாருக்கும் போட முடியாது என்றார். 1926-இல் உயர் நீதிமன்றம் அதைத் தகுந்த காரணமாக ஏற்கவில்லை. ஹிக்கின்ஸ் என்ற ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். நான் ஹிக்கின்ஸ் பக்கம். ஆனால் ஜட் வீட்டில் இருந்துவிட்டால் அவருடைய மறுப்பும் சோம்பேறியின் தூக்கமும் கணக்கில் ஒன்றாகிவிடுகிறதே! இந்தியாவில் 2013-இல் வந்த நோட்டா மாதிரி அவருக்கு ஓர் இடம் சீட்டிலேயே இருந்திருந்தால், வந்து அதில் குத்திவிட்டுப் போயிருக்கலாம். கட்டாயம் வருவதற்குத்தான், யாருக்காவது போடுவதற்கு இல்லை. (இப்போதுள்ள நோட்டாவுக்குப் பல் கிடையாது, அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து நிற்பவர் ஜெயித்துவிடுவார். கட்டாயம் வந்தால் அதையும் மாற்றித்தான் ஆகவேண்டும்.)

விருப்பமில்லாமல் வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான் என்பதும் பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும்; யோசிக்காமல் மேலிருந்து கீழே வரிசையாக 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் போவதற்குக் 'கழுதை ஓட்டு' என்றே பெயர். நூற்றுக்கு ஐந்து ஓட்டு செல்லாமலும் போகிறது. போகட்டும். ஆசைப்பட்டு வருகிறவர்கள் எல்லாம் தேர்தல் அறிக்கையைப் படித்துவிட்டா வருகிறார்கள்?

நான் ஒத்துக்கொள்ளாதது கடுமையான தண்டனையை. பிரேசிலில் ஓட்டும் போடாமல், காரணமும் சொல்லாமல், அபராதமும் கட்டாமல் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது. அது அதிகம். அப்புறம், மக்களைக் கட்டாயப்படுத்துகிற அரசு முதலில் தன் கடமையைச் செய்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் தேர்தல் சனிக்கிழமைதான் நடக்கும், தபாலில் போடலாம், முன்கூட்டியே போடலாம், தொலைதூர ஊர்களுக்கு வாக்குச்சாவடியே வண்டியேறிப் போகும். பட்டியலில் பெயரைத் தொலைத்துவிட்டு, விடுப்பும் கொடுக்காமல், அபராத நோட்டீஸ் மட்டும் அனுப்புகிற அரசு என்றால் நானே எதிர்த்து எழுதுவேன்.

கட்டாயத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி இருக்கிறது. 1893-இலிருந்து கட்டாய ஓட்டு உள்ள நாடு அது. ஃபிளாண்டர்ஸில் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் 2024-இலிருந்து அதை நீக்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் வந்தவர்கள் 64 சதவீதம்கூட இல்லை. அவ்வளவு காலப் பழக்கம் ஒரே தேர்தலில் கரைந்துவிட்டது.

இவ்வளவு பேசுகிற நான் ஒரு தேர்தலில் ஓட்டுப் போடவில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. முந்தின நாள் இரவு தூங்க நேரமாகிவிட்டது, மத்தியானம் போகலாம் என்று நினைத்தேன், மத்தியானம் வெயில். ஒரு சின்ன அபராதம் இருந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டியிருப்பேன்.