தோப்புக்கரணம் சரி, குட்டிக்கரணம் கூடாது

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கிற நிலை) உள்ள இளவட்டங்களுக்கு உடற்பயிற்சின்னா காரைக்குடிப் பக்கம் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சாயங்காலம் ஊருணியைச் சுத்தி ஒரு நடை. நல்லதுதான், பத்தாது. இவங்களுக்குப் பிறவியிலேயே தசை தளர்வு, மூட்டு நார்களும் இளக்கம். தசை பலமானாத்தான் மூட்டு நிலைச்சு நிக்கும். அதனால என் ஓட்டு தோப்புக்கரணத்துக்கு. பிள்ளையார்பட்டியில போடுற மாதிரி முழுசா இறங்க வேண்டாம்; திண்ணையில உட்கார்ந்து எழுந்தாப் போதும். திண்ணை உசரமா இருந்து கால் தொங்கினா நாற்காலி.

பாதம் வைக்கிற இடத்தைக் கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் பாதம் போடுற மாதிரி, இடுப்பளவு அகலத்துல சாக்பீஸால வரைஞ்சிடுங்க. கேட்டுப் புரிஞ்சுக்கிறதைவிடப் பார்த்துக் கத்துக்கிறதுல இவங்க கெட்டி. முதல்ல நீங்க செஞ்சு காட்டுங்க. ‘எழு’ன்னு ஒரே சொல். சொல்லிட்டுப் பத்து எண்ணுற வரை வாயைத் திறக்காதீங்க (இதுதான் நமக்குக் கஷ்டம்). 8 தடவை, 2 நிமிஷம் ஓய்வு, மறுபடி 8. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் 3 நாள். ஒரே மூச்சுல 12 தடவை சுலபமா வந்ததும் 1 லிட்டர் தண்ணி பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கட்டும்.

பொத்துன்னு விழுந்து உட்கார்ந்தா இருக்கை தாழ்வு. ஜமக்காளத்தை மடிச்சுப் போட்டு உயர்த்துங்க. முட்டி ரெண்டும் உள்பக்கம் சாய்ஞ்சா கையில இருக்கிற பாட்டிலை வாங்கிக் கீழ வச்சிடுங்க. எழுந்ததும் முட்டியைப் பின்னால தள்ளிப் பூட்டிக்கிட்டு நிக்க விடாதீங்க. மூச்சை அடக்கினா, சத்தமா எண்ணச் சொன்னா சரியாகும். ஆத்தங்குடிக் கல் தரையில சாக்ஸோட வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

கையில கட்டுற வாட்ச் காட்டுற இதயத் துடிப்பை நம்பி விரட்டுறது அநியாயம். உச்சத் துடிப்பு எவ்வளவுன்னு பார்க்க 220-ல வயசைக் கழிக்கிற கணக்கு இவங்களுக்குப் பொருந்தாது. இதயத்தோட உச்சத் துடிப்பே குறைவு. நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. அந்த வேகம் போதும்.

பிறக்கும்போது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். ஆபரேஷன் முடிஞ்சிருந்தாலும் இதய டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். திடீர்னு சோர்வு, எடை ஏற்றம்னா திட்டாதீங்க, தைராய்டு பாருங்க.

கழுத்து விஷயத்துல மட்டும் சமரசமே கிடையாது. மேல் கழுத்தோட முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல பிடிப்பு தளர்ந்திருக்கலாம். குட்டிக்கரணம், டிராம்போலின், ஊருணியில தலைகீழாப் பாயுறது மூணும் வேண்டாம். ஒருதடவை எடுத்த எக்ஸ்ரே நல்லா இருந்ததுன்னு அசந்துடவும் கூடாது. கழுத்து வலி, நடையில மாற்றம், கையில பலக்குறைவு, புதுசா சிறுநீர் கசிவு, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் பயிற்சியை நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்.

அப்புறம், முடிச்சதும் கையில ரெண்டு வெள்ளைப் பணியாரம் கொடுக்கிற அப்பத்தாக்களே, ஆயாக்களே! அதுக்குப் பதிலா காலண்டர்ல அவங்க கையாலயே ஒரு டிக் போட விடுங்க.