அவர் பக்கத்தில் அச்சாகப் போகிற உடை

ரியாலிட்டி ஷோ நடுவர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் நீனா கார்சியா என்பேன். உடை வடிவமைப்பாளர்கள் போட்டி போடும் அமெரிக்க டிவி ஷோ 'ப்ராஜெக்ட் ரன்வே' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஷோவை நடத்திய மாடல் ஹெய்டி க்ளமுக்கும் டிசைனர் மைக்கேல் கோர்ஸுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, லேசில் சிரிக்காமல், போட்டியாளரின் உடையை மேலிருந்து கீழ் வரை பார்ப்பாரே, அவர்தான். "ரொம்பக் கடுகடுப்பு" என்பாள் என் தோழி. எனக்கு அங்கே தெரிவது ஒரு பத்திரிகைக்காரியின் வேலை.

பெண்கள் இதழ் ஒன்றில் ஆறு வருஷம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். மேஜையில் நாற்பது போட்டோ கிடக்கும், பக்கத்தில் ஏறப்போவது நாலு. மீதி முப்பத்தாறையும் ஏன் வேண்டாம் என்கிறோம் என்று எடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும். "நல்லா இல்லை" என்றால் ஆசிரியர் அம்மா விடமாட்டார். "எது நல்லா இல்லை? சொல்லு" என்பார். அந்தப் பழக்கம் இருப்பவர்கள் பேசும்போது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

கார்சியா கொலம்பியாவின் பர்ரான்கியா நகரத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் பெர்ரி எலிஸ் என்ற உடை நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு 'மிராபெல்லா' இதழுக்குப் போனார். அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று மார்க்கெட் எடிட்டர். இந்த வேலையைப் பற்றி வெளியில் அதிகம் பேர் பேசுவதில்லை. ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, சீசனுக்கு வரப்போகிற உடைகளை வரிசையாகப் பார்த்து, எது போட்டோ ஷூட்டுக்கு வரவேண்டும் என்று பொறுக்குகிற வேலை அது. பார்த்ததில் பெரும்பகுதி பக்கத்துக்கே வராது. ஆனால் அத்தனையும் கண்ணில் தங்கிவிடும். 1995இல் 'எல்' (Elle) ஃபேஷன் இதழில் சேர்ந்தார். 2000இல் அதன் ஃபேஷன் டைரக்டர். 2004 டிசம்பரில் 'ப்ராவோ' சேனலில் முதல் எபிசோட் ஓடியபோது, அவர் டிவிக்குப் புதியவர், வேண்டாம் என்று சொல்வதற்குப் புதியவர் இல்லை.

"கோர்ஸ் டிசைனர், அவர் தீர்ப்பு சொல்லலாம். இவர் சொந்தமாக ஒரு பிராண்ட் நடத்தியவரா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முதல் சீசன் பரிசு என்ன? ஒரு லட்சம் டாலர், கூடவே 'எல்' இதழில் ஒரு ஸ்ப்ரெட், அதாவது உடைகளைப் படங்களோடு காட்டும் பக்கங்கள். ஆக, ஜெயிக்கிறவரின் உடை கார்சியாவின் பக்கத்திலேயே ஏறும். தப்பானவரைத் தேர்ந்தெடுத்தால் காசு கொடுத்து இதழ் வாங்கிய வாசகிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தான் சொன்ன தீர்ப்பைத் தானே சுமக்கிற நடுவர் எத்தனை ஷோவில் இருக்கிறார்? கட்டிப்பிடித்து, கண்ணீர் விட்டு, எல்லாரையும் "சூப்பர்" என்று அனுப்பிவிடலாம். மறுநாள் அந்தப் போட்டியாளருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கார்சியா போட்டியாளர்களின் ரசனையையே கேள்வி கேட்டிருக்கிறார், உண்மைதான். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் உடையை ஒதுக்கினால் காரணத்தையும் சொல்லிவிடுவார். தைத்தவருக்கு அடுத்த உடையில் உதவப்போவது அந்தக் காரணம்தான்.

2008இல் 'எல்'லை விட்டு 'மேரி க்ளேர்' இதழுக்குப் போனார். ஷோ 'லைஃப்டைம்' சேனலுக்கு மாறிய பிறகு பரிசுப் பக்கமும் 'மேரி க்ளேர்' பக்கமாகிவிட்டது. 2017 செப்டம்பரில் 'எல்'லுக்கே தலைமை ஆசிரியராகத் திரும்பினார். அமெரிக்காவின் பெரிய ஃபேஷன் இதழ் ஒன்றுக்கு லத்தீன் அமெரிக்கப் பின்னணியில் வந்த ஒரு பெண் தலைமை ஏற்றது அதுதான் முதல்முறை. டிவி புகழ்தான் அந்த நாற்காலியைத் தந்தது என்று சிலர் எழுதினால் எனக்குக் கோபம் வரும். இருபது வருஷத்துக்கும் மேல் பக்கம் முடித்தவர் ஐயா அவர்!

2019 பிப்ரவரியில் நியூயார்க் ஃபேஷன் வீக்குக்கு அவர் வரவில்லை. ஏன் என்று தன் இதழிலேயே எழுதினார். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் தனக்கு இருப்பதையும், முன்னெச்சரிக்கையாக இரண்டு மார்பகங்களையும் அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் போவதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதே வருஷம் ஷோ 'ப்ராவோ'வுக்குத் திரும்பியது. ஹெய்டி க்ளம் இல்லை, அதுவரை போட்டியாளர்களுக்கு வழிகாட்டியாக இருந்த டிம் கன்னும் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் பழைய போட்டியாளர் க்றிஸ்டியன் சிரியானோ. நாலாவது சீசனில் ஜெயித்தபோது சிரியானோவுக்கு வயது இருபத்தி ஒன்றோ இரண்டோ. அன்று அவருடைய உடையை எடைபோட்ட நடுவர்களில் அந்தப் புதிய சீசனிலும் நாற்காலியில் இருந்தவர் கார்சியா. பரிசுப் பக்கம் மறுபடியும் 'எல்'.